யட்சியை லேசர் சுடுமா?

கேள்வி: நண்பர்களோடு பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை நான் நடத்துகிறேன். குமுளி மலையில் ஒரு விண்கலம் புதைந்து கிடக்கிறது, பக்கத்துப் பாலை மரத்தில் யட்சி. லேசர் துப்பாக்கி கிடைத்ததும் மந்திரவாதிக்கு வேலையே இல்லை என்கிறார்கள். என்ன செய்ய?
- வாசகர், கம்பம்

பதில்: துப்பாக்கியைப் பிடுங்காதீர்கள், அதற்கு ஒரு விலை வையுங்கள். 1989இல் வந்த ஷேடோரன் விளையாட்டில் உடம்பில் இயந்திர உறுப்பைப் பொருத்தினால் 'எசென்ஸ்' என்ற உயிர்ச்சாரம் குறையும், அதோடு மந்திர சக்தியும் குறையும், அதனால் இரண்டுக்கும் ஆசைப்படுபவர் யோசித்துத்தான் கைவைப்பார். அருமையான ஏற்பாடு அது.

அப்புறம், உங்கள் ஊரையே பாருங்கள். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமுமாகக் கிழக்கே திருப்பினார்கள். அந்த ஒரு காரியத்தால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல், பிற்பாடு லோயர் கேம்ப்பில் மின்சாரம், இரண்டு மாநிலத்துக்கும் ஓயாத வழக்கு. விண்கலமும் அப்படித்தான். நூறு வருஷமாகக் கிடக்கிறதென்றால் கொல்லர் அதன் தகட்டில் அரிவாள் அடித்திருப்பார், யாராவது அதற்குப் பொங்கலும் வைத்திருப்பார்கள். இதையெல்லாம் கதையில் காட்டுங்கள், நம்பிக்கை தானாக வரும்.

யட்சியை இரும்பாணி அடித்துத்தான் மரத்தில் கட்டுவார்கள் இல்லையா? சரி, லேசர் வெறும் ஒளி, அவளை ஊடுருவிப் போய்விடும். கலத்திலிருந்து பெயர்த்த இரும்பை மந்திரவாதி ஓதிக் கொடுத்தால் கட்டுப்படுவாள். இந்த விதியை முதல் ஆட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.