டாக்டர் அம்மா பதில்கள்: இடம் மாறினால் உடம்பு பருக்குமா?

கேள்வி: டிக்கோயா பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். திருமணமாகி ஹட்டன் டவுனுக்கு வந்து மூன்று வருடமாகிறது. லயத்தில் 52 கிலோ இருந்தேன், இப்போது 66. உயரம் 5 அடி. அங்கே சாப்பிட்ட அதே ரொட்டி, சம்பல், சோறுதான் இங்கேயும். மாமியார் “வாயைக் கட்டு” என்கிறார். இடம் மாறினால் உடம்பு பருக்குமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பருக்கும், மகள். இந்தப் பக்கத்தை மாமியாரிடமும் காட்டுங்கள்.

“அதே ரொட்டி” என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய அந்தக் கனத்த ரொட்டி, மலையேறி 18 கிலோ கொழுந்து பறிக்கிறவளின் சாப்பாடு. வேலை முடிந்தும் உடம்புக்கு ஓய்வு ஏது? பீலிக்கு இறங்கினால் குடத்தோடு ஏற வேண்டும். பிள்ளைக் காம்பராவுக்கும் மேடு, கடைக்கும் மேடு. இப்போது குழாய் குசினிக்குள், ஆட்டோ வாசலில். சூன் பாண்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டு படிக்கே வந்து பணிஸ் கொடுக்கிறார். ரொட்டி மாறவில்லை, அதைக் கரைத்த மலை போய்விட்டது.

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் 4,498 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பத்து வருடங்களுக்கு மேல் கழித்து அந்தக் குடும்பங்களின் பெண்களை நிறுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது: உதவி கிடைத்தவர்களிடையே கடும் பருமனும் சீனி வியாதியும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை குறைவு. உணவுக் கட்டுப்பாட்டை யாரும் போதிக்கவில்லை. கடையா, நடையா, பயமில்லாத தெருவா, எது காரணம் என்று அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லைதான். இடத்துக்கு இதில் பங்குண்டு என்பது மட்டும் உறுதி.

உங்கள் உடல் நிறைச் சுட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 28ஐத் தாண்டிவிட்டது. ஆசியர்கள் 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டும், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசாங்க வைத்தியசாலையில் இரத்தச் சீனியைப் பார்த்துவிடுங்கள்.

‘தினமும் நடங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். டவுனில் நடைபாதையில் பாதி கடைச் சாமான். மீதியில் பஸ் உரசும். அந்தி சாய்ந்தபின் தோட்டப் பாதையில் சிறுத்தைப் பயம். ஆகவே பகலில், வேலையோடு வேலையாக நடங்கள்: மரக்கறி வாங்கப் போகையில் கீழே இறங்கி, வரும்போது ஆட்டோவைக் கூப்பிடாமல் பையோடு ஏறி வாருங்கள். ரொட்டி ஒன்றோடு நிற்கட்டும்; பக்கத்தில் போஞ்சியும் கோவாவும் நிறைய இருக்கட்டும். சோடாப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 2016இலிருந்து போட்டு வருகிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நாளைக்கு ஆறு தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இந்தக் குளிருக்கு அது வேண்டாமா?
– வாசகர், நானுஓயா

பதில்: குளிருக்கு வேண்டியது கம்பளி, ஐயா. பன்னிரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 50 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவே அவ்வளவுதான். பிஸ்கட்டை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த வாரம் ஒரு கரண்டியாக்குங்கள், அடுத்த மாதம் அரைக் கரண்டி.