'டக்'கென்று சத்தம் வந்தால் சுளுக்கு விட்டுவிட்டதா?

கேள்வி: படியிறங்கும்போது கால் மடங்கி, வெளிப்பக்கக் கணுக்கால் வீங்கிவிட்டது. நேராகக் கைரோபிராக்டிக் (கைகளால் மூட்டை இழுத்தும் அழுத்தியும் சரிசெய்யும்) சிகிச்சைக்குப் போகலாமா? எக்ஸ்ரே அவசியமா?

பதில்: எலும்பு முறியவில்லை என்று தெரியும்வரை யாரும் அந்தக் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. வீக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணச் சுளுக்கு பந்துபோல வீங்கும், முறிவு லேசாக வீங்கிவிட்டு ஏமாற்றும். எழுந்து நான்கு அடி நடந்து பாருங்கள். நொண்டினாலும் பரவாயில்லை. அடிபட்டவுடனும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

நடக்க முடிந்தாலும் விரலால் அழுத்திப் பாருங்கள். கணுக்காலின் இருபக்க எலும்பு முட்டுகளின் நுனியிலும், பின்விளிம்பில் 6 செ.மீ. உயரம்வரையும் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் பாதி தூரத்தில் புடைத்திருக்கும் எலும்பு, உள்வளைவின் மேல்பக்க எலும்பு. இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலித்தால் அப்போதும் படம் எடுங்கள். 1992இல் கனடாவில் வகுக்கப்பட்ட ஒட்டாவா விதிகள் இவை. வெளிமுட்டுக்குச் சற்று முன்னால், கீழே உள்ள பள்ளத்தில் மட்டும் வலி என்றால் பெரும்பாலும் தசைநார் இழுபட்டிருக்கிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தச் சோதனையை நம்பவேண்டாம்; நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: கணுக்காலை இழுக்கும்போது சத்தம் வருகிறதே, விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. மூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று குறையும்போது அங்குள்ள திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும் சத்தம் அது. சத்தமே வராமலும் சிகிச்சை பலன் தரும்.

சுளுக்குக்குப் பிறகு பலருக்கு மூட்டு இறுகிவிடும். பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்க வராது. குந்தி உட்காரும்போதும் படியிறங்கும்போதும் இது தெரியும். கைரோபிராக்டர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, இரு கை விரல்களையும் கோத்துப் பாதத்தின் மேல்புறத்தைப் பிடித்து, காலின் நேர்க்கோட்டில் சுருக்கென்று ஓர் இழுப்பு இழுப்பார். அல்லது கணுக்காலின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விடுவார். இறுக்கம் தளரும், வலியும் கொஞ்சம் குறையும். கிழிந்த தசைநார் இதனால் ஒட்டாது. அது தன் காலத்தில்தான் ஆறும்.

பலன் இருக்கிறதா என்று நீங்களே அளக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிறவரை பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தி, பெருவிரலிலிருந்து சுவருக்குள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். நல்ல காலில் 10 செ.மீ., அடிபட்ட காலில் 6 என்றால் குறை 4. மூன்று நான்கு முறை போய்வந்தும் இந்த 4 அசையவில்லையென்றால் நிறுத்திவிடலாம். கணுக்கால் சுளுக்குக்கு முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து, மாதக்கணக்கில் வரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எத்தனையாவது நாளில் போகலாம்?

பதில்: முதல் இரண்டு மூன்று நாள் இழுப்பும் வேண்டாம், அழுத்தி நீவுவதும் வேண்டாம், சூடும் வேண்டாம், எல்லாமே வீக்கத்தைக் கூட்டும். துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். காலை நெஞ்சுக்கு மேல் உயரும்படி வைத்துப் படுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு போகலாம். எலும்பு மெலிந்து பலவீனமானவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்), தசைநார் முழுதாக அறுந்தவர்கள், மூட்டு சிவந்து கொதிப்பவர்கள் போகக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெண்டைக்காலின் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து அமுக்கும்போது கணுக்காலுக்கு மேலே வலித்தால் அது வேறு வகைச் சுளுக்கு. எலும்பு மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்வி: ஒருமுறை சுளுக்கிய கால் அடிக்கடி மடங்குகிறது. ஏன்?

பதில்: பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மழுங்கிவிட்டது, வெளிப்பக்கத் தசை சுதாரிப்பதற்குள் கால் மடங்கிவிடுகிறது. சுவரோரம் ஒற்றைக்காலில் 30 விநாடி, மூன்று முறை நில்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக 15 முறை இழுங்கள். இரு காலாலும் குதிகாலைத் தூக்கி, அடிபட்ட ஒற்றைக்காலால் மெதுவாக இறங்குங்கள். குறைந்தது ஆறு வாரம் தினமும் செய்யவேண்டும். பலர் வலி போனதும், அதாவது இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். திரும்ப மடங்குவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.