வீடு மாற்ற எவ்வளவு கேட்பார்கள், ஏன் கேட்பார்கள்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சென்னையில் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழிலில் சர்வே எடுத்து கொட்டேஷன் போட்டவர்.)

கேள்வி: சென்னையிலிருந்து கோவைக்குப் போகிறோம், இரண்டு பெட்ரூம் வீடு. மூன்று பேரிடம் விசாரித்தால் ஒருவர் சொன்னதில் பாதியை இன்னொருவர் சொல்கிறாரே?

பதில்: பாதி சொன்னவர் பார்ட் லோடு கணக்கில் சொல்லியிருப்பார். அதாவது உங்கள் சாமானும் வேறு இரண்டு மூன்று பேருடையதும் ஒரே லாரியில் போகும், நடுவில் கோடவுனில் இறக்கி ஏற்றுவார்கள், வந்து சேரும் நாளை உறுதியாகச் சொல்ல முடியாது, கீறலும் உடைசலும் பெரும்பாலும் அந்த இறக்கி ஏற்றுவதில்தான் நடக்கும். தனி வண்டி என்றால் பதினான்கு அடி லாரி முழுவதும் உங்களுக்கு. ஐந்நூறு கிலோமீட்டர் போய் லோடு கிடைக்காமல் திரும்பினால் அந்த டீசலும் உங்கள் தலையில்தான். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, லாரி நுழையாத தெரு (அங்கே குட்டி யானையில் மாற்றி ஏற்ற வேண்டும்), ஏசி கழற்றுவது எல்லாம் தனித்தனிக் காசு. மாதக் கடைசியும் மே மாதமும் எப்போதும் கூடத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தோ வீடியோவிலோ சாமானைப் பார்க்காமல் சொல்லும் தொகையை நம்பாதீர்கள்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்கிறார் மூவர்ஸ்காரர்.

பதில்: மிச்சம்தான். சாமான் காணாமல் போனால் காட்ட எதுவும் இருக்காது. லாரி ரசீதும் இரு தரப்பும் கையெழுத்திட்ட சாமான் பட்டியலும் இல்லாமல் வண்டியை நகர விடாதீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் 3 சதவீதமாம், போடலாமா?

பதில்: மூன்று லட்சம் மதிப்பு சொன்னால் 9,000 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனியின் சான்றிதழ் உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். வராதென்றால் அது மூவர்ஸ்காரரின் வாய்வார்த்தை. உடைசலை டெலிவரி சீட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வழக்கு வரை போவதாக இருந்தால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: மதுரைக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: முதல் பதில். சாமானைப் பார்க்காமல் தொகை கிடையாது.

கேள்வி: கொச்சிக்குப் போகிறோம். அங்கே யூனியன்காரர்கள் சும்மா நின்றே காசு கேட்பார்களாமே?

பதில்: நோக்குகூலியை (வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்கே கேட்கும் கூலி) கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. வீட்டுச் சாமானை உங்கள் ஆட்களே இறக்கலாம்.

குறுக்கே ஒருவர்: தடை காகிதத்தில் சார். ராத்திரி பத்து மணிக்கு லாரி வந்து நிற்கும்போது சட்டமா பேசுவீர்கள்?

இன்னொருவர்: சுமைதூக்குபவர் கேட்டால் அடாவடி, இங்கே லோடு ஏற்றிய பிறகு மூவர்ஸ்காரர் இருபதாயிரம் கூட்டிக் கேட்டால் மட்டும் வியாபாரமா?

பதில்: இரண்டாமவர் சொல்வது நியாயம். போனிலேயே அடிமாட்டு விலை சொல்லி அட்வான்ஸ் வாங்கி, சாமான் வண்டிக்குள் போனதும் கூட்டுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய திருட்டு. முதலாமவருக்கு: பகலில் இறக்குங்கள், தகராறு வந்தால் போலீஸைக் கூப்பிடுங்கள். அங்கே அது புகார் கொடுக்கக்கூடிய குற்றம்.

முதலாமவர்: கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

பதில்: சரி, இதை இங்கேயே விடுவோம்.

கேள்வி: ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டு போகலாமா?

பதில்: மெக்கானிக்கைக் கேளுங்கள். நான் நிற்க வைத்துத்தான் அனுப்பினேன்.

கேள்வி: ஓசூருக்கு எவ்வளவு?

பதில்: மேலே.