பேஸ்மென்ட் (நிலவறை) சுவருக்குப் பின்னால் பிடிக்கும் பூஞ்சணம்: டொராண்டோ பக்கத்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஈர வாடை அடிக்கிறது, சுவரில் ஒன்றும் தெரியவில்லை. காற்றுப் பரிசோதனை செய்யவா? (ஸ்காபரோ)

வேண்டாம். எந்த இனப் பூஞ்சணம் என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவும் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்வதில்லை. வெளிச்சுவர்ப் பக்கத்தில் சுவரடியில் ஓடும் பேஸ்போர்டு பட்டையைக் கழற்றி, டிரைவாலின் (ஜிப்சம் சுவர்ப் பலகையின்) அடி விளிம்பை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஊறிய பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கினால், அந்த இடத்தை வெட்டித் திறக்க வேண்டியதுதான்.

பூஞ்சணத்துக்கு ப்ளீச் அடித்தேன், மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. (பிரம்டன்)

வரத்தான் செய்யும். டிரைவாலின் மேல்தோல் காகிதம், ப்ளீச் கறுப்பை வெளுக்கும், அதிலுள்ள தண்ணீர் உள்ளே ஊறும். அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், அப்புறம் சுவரைத் தொடுங்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது? கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா பாருங்கள், ஆறடி தள்ளி விடுங்கள்.

அடுத்த மாதம் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கறை தெரியாமல் அடிக்க எந்த பெயின்ட் நல்லது? (மார்க்கம்)

எந்த பெயின்டும் நல்லதில்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 2024 ஜூலை 16 டொராண்டோ மழையில், ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அதில் நனைந்த ஒரு வீட்டை அடுத்த வசந்தத்தில் திறந்தேன். முன்பக்கம் புது வெள்ளை பெயின்ட். பின்பக்கக் காகிதம் முழுக்கக் கடுகு கொட்டினாற்போல் கறுப்புப் புள்ளிகள், குளிரைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கிற பிங்க் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர், அந்தச் சுவரோடு ஒட்டி ஒரு பிள்ளையின் கட்டில், தலைமாட்டில் ஆஸ்துமா பம்ப். நனைந்த டிரைவாலில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், மேலே பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், அவ்வளவுதான். கறை எவ்வளவு உயரமோ அதற்கு மேலே ஓரடி சேர்த்து வெட்டுங்கள், பஞ்சையும் எடுங்கள், மரச்சட்டத்தைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். திரும்ப மூடும்போது கொங்கிறீற்றோடு பஞ்சை ஒட்டி மேலே பிளாஸ்டிக் விரிக்கிற பழைய வேலையைச் செய்யாதீர்கள், கொங்கிறீற்றிலிருந்து வருகிற ஈரம் போக வழியில்லாமல் போய்விடும். கெட்டியான ஃபோம் பலகையைச் சுவரோடு இறுக்கி ஒட்டுங்கள். ஒரு மாத வாடகை போனால் போகட்டும், அந்தக் காற்றை இரவெல்லாம் சுவாசிக்கப் போவது யாரோ பெற்ற பிள்ளைகள்.

கொங்கிறீற்றில் வெள்ளைத் தூள், பூஞ்சணமா? (ஏஜாக்ஸ்)

தண்ணீர் தெளியுங்கள். கரைந்தால் உப்பு. ஆனால் உப்பு வந்த வழியில் தண்ணீரும் வருகிறது, அதைத் தேடுங்கள்.

நாமே செய்யலாமா? (மிசிசாகா)

மூன்றடிக்கு மூன்றடி வரை செய்யலாம். என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போடுங்கள், வாசலுக்கு பிளாஸ்டிக் கட்டுங்கள். வெட்டத் தொடங்குமுன், வீடு முழுக்கச் சூடான காற்றை ஊதுகிற ஃபர்னஸை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசி மேல்மாடிப் படுக்கையறை வரைக்கும் போய்விடும். அதைவிடப் பெரிதென்றால், அல்லது சாக்கடைத் தண்ணீர் என்றால், ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விலை சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.