குடியேற்றச் சீர்திருத்தத்தில் ‘நடுவழி’ என்றால் என்ன?

அனுமதியின்றிக் குடியேறியோர் அனைவரையும் வெளியேற்றுவது, அனைவருக்கும் உடனே குடியுரிமை வழங்குவது என்ற இரு முனைகளுக்கு இடையே, நிபந்தனைகளோடும் காலவரையறையோடும் சட்டப்படியான தகுதியைக் கொடுக்கும் ஏற்பாட்டையே நடுவழி என்கிறோம்.

இதற்கான தேவை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டத் தகுதி அளித்தது. ஆனால், அனுமதியற்றோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் அதன் பிரிவுகள் வலுவாகச் செயல்படாததால், அனுமதியற்ற குடியேற்றம் மீண்டும் பெருகியது. அதனால்தான் ஒரு தரப்பு முதலில் எல்லைக் காவலையும், மறுதரப்பு முதலில் மனிதர்களின் பாதுகாப்பையும் கேட்கிறது. இரண்டு கவலைகளும் நியாயமானவை என்பதே என் கருத்து.

வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு இது புதிதன்று. புறம்போக்கில் பல்லாண்டுகள் வீடு கட்டி வாழ்வோரை ஒரே நாளில் அப்புறப்படுத்துவதும் இல்லை, கேட்டவர்க்கெல்லாம் பட்டா கொடுப்பதும் இல்லை. ஏரி, பாலாற்றுக் கரை போன்ற நீர்நிலை நிலங்களை விலக்கிவிட்டு, ஆட்சேபணையற்ற இடத்தில், குடியிருந்த காலத்தையும் வருமானத்தையும் பார்த்து அரசு வரன்முறை செய்கிறது. காட்பாடியில் பிள்ளையின் கிரீன் கார்டுக்காக (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) காத்திருக்கும் பெற்றோருக்கும் இதில் பங்குண்டு: 2013இல் அமெரிக்க செனட் 68–32 என நிறைவேற்றி, பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளாமல் விட்ட, நடுவழியிலான குடியேற்றச் சீர்திருத்த மசோதா, வேலைவழி கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டவர்க்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற நாடுவாரி உச்சவரம்பையும் நீக்கியிருக்கும்.

நடுவழி என்பது பொதுமன்னிப்பின் மறுபெயர் எனப் பலர் எண்ணுகின்றனர். அம்மசோதாவோ அபராதம், வரிப் பாக்கி, பின்னணிச் சோதனை ஆகியவற்றோடு, குடியுரிமைக்குப் பெரும்பாலோரை 13 ஆண்டுகள் காத்திருக்கச் சொன்னது.