வாசகர் கேள்வி: அம்புஜம்மாளோட அப்பா எஸ். சீனிவாச ஐயங்கார்

கேள்வி: சுதந்திரப் போராட்ட வீராங்கனை அம்புஜம்மாளோட அப்பா பெரிய வக்கீல்னு சொல்றாங்களே, யாரு அவரு? சொத்து பத்து உள்ள குடும்பமா? — ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: உங்க ஊர்ப் பக்கம்தாங்க அவரு! எஸ். சீனிவாச ஐயங்கார், 1874-ல பொறந்தவர், அப்பா சேஷாத்ரி ஐயங்கார் ராமநாதபுரம் ஜில்லாவுல பெரிய நிலக்காரர். ஆனா மகன் நிலத்தை நம்பி ஊர்ல உக்காராம மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்துட்டார். மாமனார் யாருன்னு நினைக்கிறீங்க, பாஷ்யம் ஐயங்கார், மெட்ராஸ்ல அட்வகேட் ஜெனரல், அதாவது அரசாங்கத்தோட தலைமை வக்கீல் வேலை பார்த்த முதல் இந்தியர், அப்புறம் மாப்பிள்ளையும் 1916-ல அதே நாற்காலிக்கு வந்தார். மாமனார் தயவுன்னு ஈசியா சொல்லிடலாம், ஆனா இந்து சட்டத்துல வக்கீலுங்க கையில வச்சிருக்குற, ஜான் மெய்ன்ங்கிறவர் எழுதின புத்தகத்தையே திருத்திப் பதிப்பிச்ச ஆளு அவரு, சரக்கு இருந்துச்சு. 1920-ல அந்தப் பதவிய விட்டுட்டு காங்கிரஸ் பக்கம் வந்து, 1926 கவுகாத்தி மாநாட்டுக்குத் தலைவராவும் ஆனார். முத்துராமலிங்கத் தேவர் குடும்ப வழக்கு இவர்கிட்டதான் வந்துச்சு, தேவர் அரசியலுக்குள்ள வர்றதுக்கும் அந்தப் பழக்கம்தான் வழி.

எனக்கென்னவோ மகள் அம்புஜம்மாள்தான் ஒரு படி மேல. 1899-ல பொறந்து அவ்ளோ வசதியில வளர்ந்த பொண்ணு, கதர் கட்டிக்கிட்டு அந்நியத் துணி மறியல்ல நின்னு ஜெயிலுக்கும் போனாங்க. அப்பா 1941-ல போயிட்டார், 1948-ல பெண்களுக்காக ஆரம்பிச்ச நிலையத்துக்கு அப்பா பேரையும் காந்தி பேரையும் சேர்த்து சீனிவாச காந்தி நிலையம்னு வச்சாங்க.