வண்டி கேள்வி பதில்: எஞ்சின் லைட் எரிஞ்சா டர்போ போச்சுன்னு அர்த்தமா?

கேள்வி: அண்ணே வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி திருச்சில ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுத்தேன், 2018 மாடல், 1 லிட்டர் டர்போ பெட்ரோல், 70 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுன வண்டி. கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு, அப்புறம் செக் எஞ்சின் லைட் எரிய ஆரம்பிச்சது, பைபாஸ்ல ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணலாம்னு மிதிச்சா இழுவையே இல்ல, ஊருக்குள்ள நின்னா எஞ்சின் லேசா உதறுது. பட்டறைல ஸ்கேனர் போட்டாங்க, பி0299, பி0171 ரெண்டு கோடு வந்துச்சு. டர்போ போயிடுச்சு மாத்தணும், கூடவே ஆக்ஸிஜன் சென்சாரும் மாத்திடலாம்னு சொல்றாங்க. அவங்க சொல்ற தொகை வண்டி வாங்குன காசுல கால்வாசி வருது. மாத்திடட்டுமா?
(காரைக்குடி செக்காலைல இருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, இப்ப மாத்தாதீங்க. நீங்க எழுதுனதுல டர்போ (எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற சக்கரம்) போச்சுங்கறதுக்கு ஒரு சாட்சியும் இல்ல. கோடுங்கறது எந்த பார்ட்டை வாங்கணும்னு சொல்ற சீட்டு இல்ல, எந்த அளவு தப்பா இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். பி0299 னா எஞ்சின் கம்ப்யூட்டர் இவ்வளவு காத்தழுத்தம் வேணும்னு கேட்டுச்சு, சென்சார்ல பார்த்தா அவ்வளவு வரல, அவ்வளவுதான். ஏன் வரலங்கறது அதுக்குத் தெரியாது. ஹோஸ் பைப் பிளந்திருக்கலாம், கிளாம்ப் லூசா இருக்கலாம், டர்போ காத்தை ஆற வைக்கற இன்டர்கூலர்ல ஓட்டை இருக்கலாம், வேஸ்ட்கேட் (டர்போவைச் சுத்தாம புகையை வெளிய விடற கதவு) மூடாம நிக்கலாம், ஏர் பில்டர் செம்மண் தூசில அடைஞ்சிருக்கலாம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சு புகை வெளிய போக முடியாம இருக்கலாம், இத்தனையும் பார்த்ததுக்கு அப்புறம் கடைசியாத்தான் டர்போ. பி0171 னா எரியறதுக்கு பெட்ரோல் பத்தல, காத்து கூடிப்போச்சுன்னு அர்த்தம். அந்த சேதியைக் கொண்டு வந்து சொன்னதே ஆக்ஸிஜன் சென்சார்தான், சேதி சொன்னவனைத் தூக்கிட்டு புதுசா ஒருத்தனை வச்சா அவனும் அதையேதான் சொல்லுவான்.

ரெண்டு கோடு ஒண்ணா வந்தா ரெண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கான்னு முதல்ல தேடணும், இதை நான் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டே இருக்கேன். உங்க வண்டில நிக்கும்போது உதறுது, மிதிக்கும்போது இழுக்கல. எஞ்சின் சும்மா நிக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள (சிலிண்டர்களுக்கு காத்தைப் பிரிச்சு விடற குழாய்) வெற்றிடம், வெளிக்காத்தை உள்ள உறிஞ்சும். மிதிச்சு டர்போ வேலை செய்யும்போது அதே இடத்துல அழுத்தம், உள்ள இருக்கற காத்து வெளிய தள்ளும். ஆக த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா காத்துக்குத் திறக்கற வால்வு) அப்புறம் எங்கயோ ஒரு ஓட்டை இருந்தா நிக்கும்போது கணக்குல வராத காத்து உள்ள போய் பி0171 வரும், மிதிக்கும்போது அழுத்தம் வெளிய ஓடி பி0299 வரும். ஓட்டை ஒண்ணு, கோடு ரெண்டு. மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ், முக்கியமா பிசிவி வால்வும் (எஞ்சின் அடில ஆயில் இருக்கற கிராங்க்கேஸ்ல சேர்ற ஆவியை திரும்ப எஞ்சினுக்குள்ள விடறது) அதோட பைப்பும், இதையெல்லாம் முதல்ல பார்க்கச் சொல்லுங்க. டர்போ வண்டில பிசிவி லைன்ல ஒருவழி வால்வு ஒண்ணு இருக்கும், அது கிழிஞ்சா டர்போ தள்ளுற காத்து ஆயில் இருக்கற கிராங்க்கேஸுக்குள்ள போயிடும், அங்கங்க ஆயில் கசிய ஆரம்பிக்கும். வண்டி ஐடில்ல (மிதிக்காம நின்ன இடத்துல) ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியை மெதுவா தூக்கிப் பாருங்க, மூடியை விடாம இழுத்துப் பிடிக்குது, உய்னு சத்தம் வருதுன்னா பல எஞ்சின்ல பிசிவிக்குள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். (பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாம பார்த்துக்குங்க.)

அடுத்தது ஃப்ரீஸ் ஃபிரேம். கோடு பதிவான அந்த நிமிஷத்துல ஆர்பிஎம் எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு, எஞ்சின் மேல விழற லோடு எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் தானா ஒரு போட்டோ மாதிரி எடுத்து வச்சிருக்கும். பட்டறைல கோடை மட்டும் பார்த்துட்டு உடனே அழிச்சுடறாங்க, அதோட இதுவும் போயிடும், எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. அழிக்கறதுக்கு முன்னாடி மொபைல்ல போட்டோ எடுத்து வையுங்க. பி0171 பதிவானப்ப 800 ஆர்பிஎம்னு இருந்தா நான் சொன்ன மாதிரி காத்து உறிஞ்சுற ஓட்டையைத் தேடணும், 3000 ஆர்பிஎம் நல்ல லோடுன்னு இருந்தா ஓட்டை கதை இல்ல, பெட்ரோல் பிரஷர் பத்தலயா, உள்ள போற காத்தை அளக்கற ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கா இருக்கான்னு பார்க்கணும். அந்த சென்சாரைத் துணி வச்சு தேய்க்கக் கூடாது, கார்ப் கிளீனரும் அடிக்கக் கூடாது, அதுக்குன்னே ஸ்பிரே இருக்கு. நீங்களே ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிக்கறதும் நல்லது, சில நூறு ரூபாய்ல இருந்து கிடைக்குது, ஸ்டீயரிங்குக்கு கீழ டாஷ்போர்டு அடில 16 பின் சாக்கெட் இருக்கும், அங்க சொருகி மொபைல்ல பார்க்கலாம். வேலை முடிஞ்சதும் கழட்டிடணும், சொருகியே விட்டா பேட்டரிய தின்னுடும்.

அந்த ஸ்கேனர்ல ஃப்யூவல் ட்ரிம்னு ஒண்ணு வரும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைச்சு விடுதுங்கற கணக்கு அது, ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ரெண்டையும் கூட்டிப் பாருங்க. பொதுவா ப்ளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஐடில்ல ப்ளஸ் 20, 25 காட்டி, நின்ன இடத்துலயே 2500 ஆர்பிஎம்முக்கு ஏத்திப் பிடிச்சா 5க்கு இறங்குதுன்னா அது ஓட்டைதான், ஏன்னா எஞ்சின் உறிஞ்சுற காத்து கூடக்கூட அந்த ஓட்டை வழியா வர்றது சின்ன பங்கா ஆயிடும். இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கறதால ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கற பழைய கணக்கு 13.5 பக்கத்துல வந்துடுது, அதனால இ10க்கு (10 சதவீதம் எத்தனால்) செட் பண்ணுன வண்டில ஓட்டையே இல்லாம கூட நாலஞ்சு சதவீதம் ப்ளஸ்ல நிக்கும். முன்னாடி கோடு வராத அளவுக்கு சின்னதா இருந்த கசிவு இப்ப எல்லையத் தாண்டி லைட்டை எரிய விடும்.

அழுத்தத்தையும் நீங்களே பார்க்கலாம். சாவியை ஆன் பண்ணி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கற மேப் சென்சாரைப் பாருங்க, நம்ம காரைக்குடி பக்கம் 100 கிலோபாஸ்கல் ஒட்டி காட்டணும், அது வெளிக்காத்தோட அழுத்தம். இங்கயே 85, 90ன்னு காட்டுனா சென்சாரே பொய் சொல்லுது. ஐடில்ல 30, 40 வரும். திருமயம் ரோட்டுல காலைல கூட்டம் இல்லாத நேரமா பார்த்து மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா 150க்கு மேல போகணும், 110, 120லயே நின்னா அழுத்தம் எங்கயோ வெளிய போகுது, இல்லன்னா உருவாகவே இல்ல. இதைப் பார்க்க பக்கத்து சீட்ல ஒருத்தர் மொபைலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், நீங்க ரோட்டை மட்டும் பாருங்க.

இதுக்கெல்லாம் அப்புறமும் கண்டுபிடிக்க முடியலன்னா ஸ்மோக் டெஸ்ட் பண்ற இடத்துக்குப் போங்க, மதுரை திருச்சில இருக்கு, புகையை உள்ள விட்டா ஓட்டை இருக்கற இடத்துல தானா வெளிய வரும். இல்லன்னா டர்போவுக்குள்ள காத்து போற வாயை அடைச்சு, ரெகுலேட்டர் வச்சு 1 பார் அழுத்தத்துக்கு மேல போகாம காத்து விட்டு, எல்லா ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி அடிச்சா நுரை காட்டிக் கொடுக்கும்.

டர்போவையும் பார்க்காம விட வேண்டாம். எஞ்சின் நல்லா ஆறுனதுக்கு அப்புறம் இன்லெட் ஹோஸை கழட்டி விரலால அந்த சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கும், பரவால்ல. முன்னுக்குப் பின்ன ஆடக் கூடாது, பிளேடு சுவத்துல உரசுன தடம் இருக்கக் கூடாது, முனை ஒடஞ்சிருக்கக் கூடாது. இது மூணுல ஒண்ணு இருந்தாலோ, சைலன்சர்ல நீலப் புகை வந்தாலோ அப்ப பட்டறைக்காரர் சொல்றது சரி, மாத்துங்க. இன்லெட்ல லேசா ஆயில் ஈரம் மட்டும் இருந்தா அதைக் காட்டி டர்போ போச்சுன்னா நம்பாதீங்க, அந்த ஈரம் பெரும்பாலும் பிசிவி வழியா வர்றது.

கேள்வி: என் வண்டில லைட் எரியல, கண் சிமிட்டுது. குன்றக்குடி வரைக்கும் ஏத்தத்துல மிதிக்கும்போது மட்டும் அப்படி வருது, அப்புறம் நின்னுடுது. ஓட்டலாமா?
(பள்ளத்தூர்ல இருந்து ஒரு வாசகர்)

பதில்: மிதிக்காதீங்க. சிமிட்ட ஆரம்பிச்சா உடனே காலை எடுத்து ஓரமா நிறுத்துங்க. நின்னு எரியற லைட்டுக்கும் சிமிட்டுற லைட்டுக்கும் நெறய வித்தியாசம் இருக்கு. சிமிட்டுனா ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியுது, அந்த சூட்டுல உள்ள இருக்கற செராமிக் உருகிடும். பிளக் செலவோட முடிய வேண்டியது கன்வெர்ட்டர் செலவுல போய் நிக்கும்.

ஸ்கேன் பண்ணுனா பி0301ல இருந்து பி0304க்குள்ள ஒண்ணு வரும், கடைசி எண்தான் சிலிண்டர். பி0302ன்னா ரெண்டாவது சிலிண்டர் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கறது) மூணாவதுக்கு மாத்திப் போட்டு மெதுவா ஓட்டிப் பாருங்க, கோடு பி0303 ஆச்சுன்னா காயில்தான், மாறாம அங்கயே நின்னா பிளக், அப்புறம் பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர். டர்போ வண்டில அழுத்தம் ஏறும்போது பொறி தாண்டுறதுக்கு வோல்டேஜ் கூட வேணும், அதனாலதான் தேஞ்ச பிளக் சமதரைல சும்மா இருந்துட்டு ஏத்தத்துல மட்டும் காட்டிக்கொடுக்குது. பிளக் முனைல பொறி தாண்டுற இடைவெளியை (கேப்) மேனுவல்ல பார்த்து வையுங்க, டர்போ இல்லாத வண்டிக்கு வைக்கற கேப்பை டர்போ வண்டிக்கு வைக்கக் கூடாது.

கேள்வி: தம்பி, என் மகன் சிங்கப்பூர்ல இருக்கான். நாங்க கோயில் குளம்னு போய் வர டர்போ பெட்ரோல் கார் ஒண்ணு பழசா வாங்கச் சொல்றான். விக்கறவங்க எஞ்சின் லைட்டை அழிச்சுட்டு கொண்டு வந்து நிறுத்துனா எங்களுக்கு எப்படித் தெரியும்?
(தேவகோட்டைல இருந்து ஒரு வாசகி)

பதில்: ஆச்சி, சரியான நேரத்துல கேட்டிருக்கீங்க. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டாஷ்போர்டுல அந்த எஞ்சின் படம் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். முதல்லயே எரியலன்னா பல்பையே எடுத்துட்டாங்க இல்ல மறைச்சுட்டாங்கன்னு சந்தேகப்படுங்க, அந்த வண்டி வேண்டாம்.

எரிஞ்சு அணையுதுன்னா அடுத்து ஸ்கேனர். உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை கூட்டிட்டுப் போங்க, விக்கறவங்க சொல்ற மெக்கானிக் வேண்டாம். கோடு இருக்கான்னு மட்டும் பார்க்காம, கோடு அழிச்சதுல இருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு ஒரு கணக்கு இருக்கும், அதைப் படிக்கச் சொல்லுங்க. ஸ்கேனர்ல கோடை அழிக்கும்போது இந்தக் கணக்கும் பூஜ்யத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கும். 60 ஆயிரம் ஓடுன வண்டில அது 12 கிலோமீட்டர்னு காட்டுனா உங்க வீட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடிதான் அழிச்சிருக்காங்க. கூடவே ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பட்டியல் வரும் (கம்ப்யூட்டர் தானா செய்யற சோதனைல எது முடிஞ்சுது எது முடியலன்னு சொல்றது), அழிச்ச வண்டில அதுல பலது இன்னும் முடியலன்னு காட்டும். பேட்டரி மாத்துனோம் அதான்னு சொல்லுவாங்க, உண்மையாவும் இருக்கலாம், அதனால சண்டை வேண்டாம், ரெண்டு மூணு நாள் ஓட்டட்டும் திரும்ப வந்து பார்க்கறோம்னு சொல்லுங்க. மறுபடி பார்க்கும்போது பெண்டிங் கோடையும் படிக்கணும், லைட் எரியறதுக்கு முன்னாடியே அதுல வந்து உக்காந்திருக்கும். அதுக்கு ஒத்துக்கலன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க ஆச்சி, வண்டி நெறய இருக்கு.

வண்டியை ஆறுன எஞ்சினோட ஸ்டார்ட் பண்ணித்தான் பார்க்கணும், நீங்க போறதுக்கு முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் காலைல போங்க. டர்போவுக்கு ஆயில்தான் உயிர், அதனால ஆயில் மாத்துன பில்லு வருஷா வருஷம் இருக்கான்னு கேளுங்க. பாலிஷ் போட்டு மினுமினுன்னு இருக்கற வண்டியவிட பில்லு கட்டு இருக்கற வண்டி மேல்.

கேள்வி: நாங்க சென்னைல இருக்கோம், வண்டி கானாடுகாத்தான் வீட்டுப் பின்வாசல் ஷெட்ல நிக்குது. திருவிழா, கல்யாணம்னு வந்து எடுத்தா ஒவ்வொரு தடவையும் எஞ்சின் லைட், ஏழெட்டு கோடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சென்சார் மாத்துனா கட்டுமா?
(சென்னைல இருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லாம ஏழெட்டு கோடு ஒரே நேரத்துல வந்தா ஒரு சென்சாரும் மாத்தாதீங்க, முதல்ல பேட்டரியை பாருங்க. நின்ன வண்டில மல்டிமீட்டர் வச்சா 12.6 வோல்ட் இருக்கணும், 12.2ன்னா பாதி காலி. ஸ்டார்ட் பண்ற நொடில 9.6க்கு கீழ விழுந்தா கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேச முடியாம யு ல ஆரம்பிக்கற கோடு வரிசையா வரும், சென்சார் மேல தப்பே இருக்காது.

அடுத்தது எலி. அந்தப் பெரிய வீடுகள்ல ஆள் இல்லாத மாசத்துல எஞ்சினுக்கு மேல கூடு கட்டிடும், வயரைக் கடிக்கும், சன்னமான வாக்குவம் ஹோஸையும் விடாது. வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு அப்புறம் சாவியைப் போடுங்க, ஏர் பில்டர் டப்பாவையும் திறந்து பாருங்க. பாதி கடிச்ச வயர் ஒரு நாள் வேலை செய்யும் ஒரு நாள் செய்யாது, அதனாலயே கோடு வந்து வந்து போகும்.

டேங்க்ல பழைய பெட்ரோலை மாசக்கணக்குல வைக்காதீங்க, எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்துக்கும். வந்ததும் புது பெட்ரோல் போட்டு ஓட்டுங்க. ஊர்ல வீட்டைப் பார்த்துக்கறவர்கிட்ட வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்ற பழக்கம் நம்ம பக்கம் நெறய இருக்கு, அது வேண்டாம், அந்த அஞ்சு நிமிஷத்துல பேட்டரி ஏறாது, ஆயிலும் சூடாகாது, உள்ள ஈரம்தான் சேரும். அவருக்கு ஓட்டத் தெரியும்னா காரைக்குடி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரட்டும். தெரியாதுன்னா ஷெட்ல பிளக் பாயிண்ட் ஒண்ணு இழுத்து, தானா நின்னுக்கற ட்ரிக்கிள் சார்ஜர் ஒண்ணை பேட்டரில மாட்டிட்டுப் போங்க.